ஒன்றரை லட்சம் கருத்தப்பாண்டி

குருவம்மா வரைஞ்ச புருஷன் வாய் திறந்து பேசின அன்னைக்கு எங்க அச்சாபீஸ்ல யாரும் ஆச்சரியப்படலை. ஆச்சரியப்பட எங்களுக்கு எங்க நேரம்? ஆடிப் பதினெட்டுக்குப் பதினோரு நாள்தான் இருந்துச்சு. முத்துலிங்கபுரத்துல ஆறும் கிடையாது, ஆத்துல பெருக்கும் கிடையாது. அன்னைக்குத்தான் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைச் சாமி முன்னால வச்சு, சூடம் காட்டி, ஏஜெண்டுங்க கையில குடுப்பாங்க. அந்த ஆல்பத்துல இடம் கிடைக்காத சாமி அடுத்த வருஷம் பூரா ஒரு வீட்டுச் சுவத்துலயும் தொங்க முடியாது. அப்பேர்ப்பட்ட நெருக்கடியில படம் பேசினா என்ன, பாடினா என்ன? பைண்டிங்ல காலண்டர் தலைக்குத் தகரம் அடிச்சுக்கிட்டிருந்த பொம்பளைங்க ஒரு தடவை நிமிந்து பாத்தாங்க. "கருத்தப்பாண்டி அண்ணன் குரல்தானே?"ன்னு ஒருத்தி கேட்டா. "ஆமா, அதே தொண்டைக்கட்டு"ன்னு இன்னொருத்தி சொன்னா. அவ்வளவுதான், மறுபடி குனிஞ்சு தகரம் அடிச்சாங்க.

நான் அந்த ஆபீஸ்ல பிழை திருத்துறவ. செண்பகவல்லின்னு பேரு. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் தேதிக்குத் தேதி சரியா விழுந்திருக்கான்னு பாக்கணும். ஒண்ணு தப்பிப் போனாலும் நாட்டுல பாதிக் கல்யாணம் கோணலாப் போயிரும்னு முதலாளி பயமுறுத்துவாரு. பதினாறு வருஷமா நான் சரியாத்தான் பாக்குறேன். கல்யாணங்க கோணலாத்தான் போகுது. அதுக்கு நான் என்ன செய்ய?

நான் பாத்ததுல கோணாமப் போன ஒரே கல்யாணம் குருவம்மா கல்யாணம். அவ பைண்டிங், அவ புருஷன் கருத்தப்பாண்டி மிஷின்மேன். நாலு கலர் மிஷினைப் பன்னெண்டு வருஷம் ஓட்டினவன். சாமி படம் மட்டும் எத்தனை கோடி அடிச்சிருப்பானோ, அந்தச் சாமிகளுக்கே தெரியாது. குருவம்மா ஒரு கட்டு வேலை கையில இருந்தா சோத்தை மறந்துருவா, ஒல்லிக்குச்சி உடம்பு. சாயங்காலம் நாலு மணிக்கு டீக்கு மிஷினை நிப்பாட்டினதும் கருத்தப்பாண்டி கையில இருக்கிற மையைப் பழந்துணியில துடைச்சுக்கிட்டே பைண்டிங் வாசல்ல வந்து நிப்பான். "ஏ தொத்தலு, சாப்ட்டியா?"ன்னு கேப்பான். அவ தலையைத் தூக்காமலே "இல்ல மாமா"ம்பா. அவன் தூக்குச்சட்டியைத் திறந்து அவ முன்னால வச்சுட்டுப் போவான். பன்னெண்டு வருஷமும் இதே கேள்விதான், இதே பதில்தான். எங்க காதுக்குப் புளிச்சுப் போச்சு, அவங்களுக்குப் புளிக்கலை.

அப்புறம் மஞ்சக்காமாலை வந்து ஒன்பதே நாள்ல அவன் போய்ச் சேந்துட்டான். புள்ளை குட்டி கிடையாது. போட்டோன்னு பாத்தா ரெண்டே ரெண்டு: கல்யாணப் போட்டோவுல கண்ணை மூடிக்கிட்டிருக்கான், வாக்காளர் அட்டையில எதையோ திருடிட்டு மாட்டிக்கிட்டவன் மாதிரி முழிக்கிறான். ரெண்டுல எதை மாலை போட்டு வைக்கன்னு யோசிச்ச குருவம்மா, ரெண்டும் வேண்டாம்னு முடிவு பண்ணி, மிஷின்ல மிஞ்சின மையை நாலு சிரட்டையில வழிச்சு எடுத்துட்டுப் போயி, வீணாப்போன காலண்டர்த் தாளோட முதுகுல, சுண்டுவிரலால அவனை வரைஞ்சா. அதுக்கு முன்னால அவ ஒரு பூனைக்குட்டிகூட வரைஞ்சவ இல்லை. இடது காது பெருசா விழுந்துருச்சு, மூக்கு கொஞ்சம் வலப்பக்கமாப் போயிருச்சு, ஆனா பாத்த உடனே "அய்யோ, அண்ணே"ன்னு நான் அழுதுட்டேன். அச்சு அசல் அவன்தான்.

அந்தப் படத்தை அவ வீட்டுல வைக்கலை, நாலு மணிக்கு அவ இருக்கிறது ஆபீஸ்லதானே. கொண்டாந்து அவ பலகைக்கு மேல ஆணியில மாட்டினா. மாட்டின மூணாம் நாள், மிஷின் நின்ன நிமிஷம், படம் தொண்டையைச் செருமிக்கிட்டு, "ஏ தொத்தலு, சாப்ட்டியா?"ன்னு கேட்டுச்சு. குருவம்மா தலையைத் தூக்கலை. "இல்ல மாமா"ன்னா. தானே தூக்குச்சட்டியைத் திறந்து தின்னா. கண்ணுல தண்ணி ஊத்துது, வாய் பாட்டுக்குச் சோத்தை மெல்லுது. அதுக்கப்புறம் தினமும் நாலு மணிக்கு அதேதான்.

எங்க முதலாளி தவசிலிங்கம் கலைக்கண் உள்ளவரு. அதாவது எதைப் பாத்தாலும் இது எத்தனை ஆயிரம் போகும்னு பாக்குற கண்ணு. அந்த வருஷம் ஆல்பத்துல ஒரு பக்கம் காலியா இருந்துச்சு, ஏன்னா எங்க டிசைனர் தினகர் கம்ப்யூட்டர்ல உண்டாக்கின முருகனுக்குக் கைக்கு ஆறு விரல் விழுந்து, பக்தர் ஒருத்தர் எண்ணிப் பாத்துட்டாரு. காலிப் பக்கத்தோட அலைஞ்சுக்கிட்டிருந்த முதலாளி நாலு மணிக்குப் பைண்டிங் பக்கம் வந்தாரு, படம் கேட்ட கேள்வி காதுல விழுந்துச்சு, அப்படியே நின்னுட்டாரு.

"குருவம்மா, இந்தப் படத்தை நான் எடுத்துக்கவா?"

"அய்யோ, அது நான் எனக்குன்னு வரைஞ்சது முதலாளி."

"உனக்குத்தான்மா. ஒரிஜினல் உன் ஆணியிலயே தொங்கும், நான் எடுக்கிறது வெறும் நிழல்தானே. இத்தனை வருஷமா பிள்ளையாரை லட்சக்கணக்குல அடிக்கிறோமே, கோயில்ல இருக்கிற பிள்ளையாருக்கு ஒரு சுத்து தொந்தி குறைஞ்சிருக்கா? நீயே சொல்லு."

இதுதான் எங்க ஊர்க்காரங்களால மட்டுமே பண்ண முடியிற தப்பு. வேற ஊர்ப் பொம்பளையா இருந்தா போய்யான்னிருப்பா. நாங்க பொறந்ததுல இருந்து சாமியை அடுக்கி, கட்டி, மூட்டை மூட்டையா லாரியில ஏத்தினவங்க. எந்தச் சாமியும் குறைஞ்சு போனேன்னு வந்து நின்னதில்லை. குருவம்மாவும் யோசிச்சுப் பாத்தா. பன்னெண்டு வருஷம் அடுத்தவங்க மூஞ்சியை அடிச்ச மனுஷன், ஒரு தடவை தன் மூஞ்சியோட தன் மிஷின்ல ஓடட்டுமேன்னு அவளுக்கு ஒரு ஆசை. "சரி முதலாளி"ன்னுட்டா. முதலாளி மனசு குளுந்து எவர்சில்வர் டிபன் கேரியர் ஒண்ணு குடுத்தாரு. நாலு அடுக்கு. ஒத்தையாளுக்கு நாலு அடுக்கு!

தினகர் படத்தை வாங்கி மெருகேத்தினான். பெரிய காதைச் சின்னக் காதுக்குச் சமமா வெட்டினான், மூக்கை நிமித்தினான், பேர்லயே கருப்பை வச்சிருந்த மனுஷனைத் தக்காளிச் செவப்பாக்கினான், பின்னால ஒரு அருவியை ஊத்த விட்டான். கடைசிப் புரூஃப் என் மேஜைக்கு வந்துச்சு. எனக்குத் தெரியும், அது கருத்தப்பாண்டி இல்லைன்னு. ஆனா என் வேலை ராகு காலம், ராகு காலம் சரியா இருந்துச்சு. சரின்னு கையெழுத்துப் போட்டேன். இன்னைக்கு வரைக்கும் அந்தக் கையெழுத்தை நினைச்சா எனக்கு என் மேலயே ஆத்திரமா வருது.

ஒன்றரை லட்சத்துக்கு ஆர்டர். ஐப்பசியில மிஷின் ஓட ஆரம்பிச்சுது. முதல் பத்தாயிரம் விழுந்த அன்னைக்கு ஆணியில தொங்கின படம் நாலு மணிக்குக் கேட்டப்போ குரல் கம்மியிருந்துச்சு, சளி பிடிச்சிருக்குன்னு நினைச்சோம். ஐம்பதாயிரத்துல தொத்தலுங்கிற பேரு தேஞ்சு போச்சு. ஒரு லட்சத்துல உதடு மட்டும் அசைஞ்சுது. குருவம்மா தகரத்தைப் போட்டுட்டு முதலாளி ரூமுக்கு ஓடினா.

"நிப்பாட்டுங்க முதலாளி, அவரு பேச்சு நின்னு போகுது."

"லாரி வாசல்ல நிக்குதும்மா. இப்பப் போய் நிப்பாட்டுன்னா எப்படி?" முதலாளிக்கு மனசு கேக்காம, "கவலைப்படாத, உனக்குப் பத்துக் காப்பி சும்மாவே தரச் சொல்றேன்"ன்னாரு.

கட்டின புருஷன் பத்துக் காப்பி, இலவசமா. அவ வேண்டாம்னுட்டா. நன்றி கெட்டவள்னு ஆபீஸ்ல நாலு பேர் பேசினாங்க.

மார்கழியில கடைகள்ல காலண்டர் குடுத்தாங்க. ஜனவரி ஒண்ணாந்தேதி சாயங்காலம் நாலு மணிக்கு, கும்மிடிப்பூண்டியில இருந்து குளச்சல் வரைக்கும், நகைக்கடை பேரு போட்டதும் உரக்கடை பேரு போட்டதுமா ஒன்றரை லட்சம் சுவத்துல, அருவிக்கு முன்னால நின்ன செவத்த கருத்தப்பாண்டி "ஏ தொத்தலு, சாப்ட்டியா?"ன்னு கேட்டான்.

ஜனங்க என்ன செஞ்சாங்கன்னு நினைக்கிறீங்க? மயங்கி விழுந்தாங்களா? "சாப்ட்டேன்"னு பதில் சொல்லிட்டு டிவியைப் பாத்தாங்க. முதல் வாரம் மட்டும் சில ஆம்பளைங்க ஆபீஸுக்குப் போன் பண்ணி, எவன்யா அவன் என் பொண்டாட்டியைத் தொத்தலுங்கிறதுன்னு குதிச்சாங்க. நீங்க என்னைக்காவது அந்தக் கேள்வியைக் கேட்டதுண்டான்னு அவங்கவங்க வீட்டுல திருப்பிக் கேக்கவும், போன் வர்றது நின்னு போச்சு. கொஞ்சம் பூசின உடம்புக்காரங்க எல்லாம் நாலு மணி ஆனா கண்ணாடி பாத்துட்டு வந்து படத்துக்கு முன்னால நின்னாங்க. மருமக பட்டினி கிடந்த வீட்டுல மாமியாக்காரி படத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சா. பாராட்டு விழாவுக்கு ஒரு காலேஜ் புரொபசர் வந்து, அச்சு எந்திரம் கலையை அரண்மனையில இருந்து அடுப்படிக்குக் கொண்டு வந்துருச்சுன்னு முக்கால் மணி நேரம் பேசி, பொன்னாடையை முதலாளிக்குப் போத்தினாரு. வரைஞ்சவ மேடைக்குப் பின்னால நின்னு, வந்தவங்களுக்குக் கலர் சோடா ஊத்திக் குடுத்துக்கிட்டிருந்தா.

பக்கத்து ஊர்க்காரன் எவனோ டூப்ளிகேட் அடிச்சான். மட்டத் தாளு, மட்ட மை, அந்தக் கருத்தப்பாண்டி பெண்ணுன்னு இல்லாம ஆணுன்னு இல்லாம எதிர்ல வந்த எல்லாரையும் "தொத்தலு, டீ ஆச்சா?"ன்னு கேட்டான். எங்க முதலாளி கொதிச்சுப் போயிட்டாரு. "ஒருத்தன் மனசுல இருந்து வந்த கலையை இப்படித் திருடுறானுங்களே, இவனுங்களுக்கு மனசாட்சி வேண்டாம்?"ன்னு ஆபீஸ் அதிரக் கத்தினாரு. நாங்க யாரும் யார் மூஞ்சியையும் பாக்கலை.

குருவம்மா அந்த வருஷம் பூரா நாலு மணிக்கு ஒரு வீட்டுப் படியும் ஏறலை. வீட்டுக்கு வீடு அவன் குரல் கேட்டுச்சு, அவ ஆணியில மட்டும் சத்தமில்லை. நாலடிக்கக் கொஞ்சம் முன்னாலயே குடோனுக்குள்ள போயி, தாள் மூட்டைக்கு நடுவுல, ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உக்காந்துருவா. நான் ஒருநாள் போய்க் கூப்பிட்டேன்.

"அக்கா, அவரு செத்தப்போ ஒருத்தர்தான் செத்தாரு. அதைத் தாங்கிக்கிட்டேன். இப்ப ஊர் உலகத்துக்கெல்லாம் உசுரோட இருக்காரு, எனக்கு மட்டும் இல்லை. இதை எப்படித் தாங்குறது, சொல்லுங்க?"ன்னு கேட்டா. நானும் அவ பக்கத்துல தாள் மூட்டையில உக்காந்துட்டேன்.

ஆவணி வாக்குல ஜனங்களுக்கு அலுத்துப் போச்சு. தினமும் இதையேதான் கேக்குறான், வேற ஒண்ணும் தெரியாதான்னு சலிச்சுக்கிட்டாங்க. அடுத்த வருஷத்துக்கு முதலாளி கண்ணடிக்கிற குழந்தைப் படம் போட்டிருந்தாரு, அது எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. டிசம்பர் முப்பத்தி ஒண்ணு ஆச்சா, காலண்டருக்கு ஆயுசு முடிஞ்சுது. பேசிக்கிட்டிருக்கும்போதே ஆணியில இருந்து கழட்டினாங்க. நோட்டுக்கு அட்டை போட்டாங்க, அலமாரித் தட்டுல விரிச்சாங்க, ஜன்னல் ஓட்டையை அடைச்சாங்க, மிச்சத்தைப் பழைய பேப்பர்க்காரன் எடை போட்டு எங்க பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினான், வெடிக்குக் குழல் சுத்த. குருவம்மா தெருவுல கிடந்த காலண்டர் அட்டையைத் தாண்டிப் போக முடியாம நின்னு நின்னு அழுதா. ஒரே புருஷனுக்கு ஒருத்தி எத்தனை தடவைதான் தாலியறுப்பா?

ஆனா பொங்கலன்னைக்கு, ஆணியில தொங்கின பெரிய காதுக்காரன் தொண்டையைச் செருமினான். தை முடியுறதுக்குள்ள உதடு அசைஞ்சுது. மாசியில சத்தம் வந்துச்சு: "சாப்ட்டியா?" அங்க ஒரு காலண்டர் கிழிய இங்க ஒரு சொட்டுக் குரல் ஊறுதுன்னு எங்களுக்கு அப்பத்தான் புரிஞ்சுது. பைண்டிங்ல எல்லாருமாச் சேந்து பாயசம் வச்சோம். குருவம்மா குடிக்கலை.

"தொத்தலுன்னு சொல்லலை, அக்கா. எதுக்க வர்றவங்களை எல்லாரும் கேக்குற மாதிரி கேக்குறாரு. எங்கயோ ஒண்ணு இன்னும் மாட்டியிருக்கு, அது அந்தப் பேரைப் பிடிச்சு வச்சிருக்கு."

அவ சொன்னது சரிதான். பங்குனியில ஆபீஸுக்கு ஒரு கார்டு வந்துச்சு. உடன்குடியில இருந்து ஜெபக்கனின்னு ஒருத்தி எழுதியிருந்தா. கருப்பட்டிக் கடையில குடுத்த போன வருஷத்துக் காலண்டரை அவ கழட்டலையாம், படத்தை மாத்த மனசு வரலையாம், இந்த வருஷத்துத் தேதித்தாள் கட்டு மட்டும் அனுப்பினா அதே அட்டையில ஒட்டிக்கிடுவாளாம். இப்படி ஒரு ஆர்டர் எங்க ஊர் சரித்திரத்துலயே வந்ததில்லைன்னு முதலாளி சிரிச்சாரு. குருவம்மா சிரிக்கலை. மறுநாளே ஒரு தேதித்தாள் கட்டையும், பதிலுக்குக் குடுக்கக் கண்ணடிக்கிற குழந்தைக் காலண்டரையும் பையில போட்டுக்கிட்டு, என்னையும் இழுத்துக்கிட்டு பஸ் ஏறினா. அந்த அட்டையை வாங்கிட்டு வரணும், இல்லாட்டிப் பிடுங்கிட்டு வரணும், அதுதான் திட்டம். திருச்செந்தூர் போற வரைக்கும் பையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே வந்தா.

மூணரை மணிக்கு வீட்டைக் கண்டுபிடிச்சோம். ஒத்தை ரூம், ஒரு தையல் மிஷின், ஒரு சிலுவை, அதுக்குக் கீழ காலண்டர். வெயில் பட்டு அருவி வெளுத்திருந்துச்சு. தேதி டிசம்பர் முப்பத்தி ஒண்ணுலயே நின்னுது. ஜெபக்கனிக்கு ஐம்பது வயசு இருக்கும், கதவை அடைச்சு நிக்கிற உடம்பு. உள்ள கூப்பிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு, தண்ணி குடுத்தா. குருவம்மா தண்ணியைத் தொடலை. சுத்தி வளைக்காமச் சொன்னா: "நான் அவரு பொஞ்சாதி. இந்தப் படத்தை வரைஞ்சவ. இதை எனக்குக் குடுத்துருங்க."

ஜெபக்கனி அவளை மேலயும் கீழயும் பாத்தா.

"அப்ப தொத்தலு நீங்கதானா?"ன்னா. "எனக்கு நூத்தி மூணு கிலோ தாயி. என்னை ஒருத்தரு தொத்தலுன்னு கூப்பிட்டா அது எனக்கில்லைன்னு தெரியாதா? தெரிஞ்சேதான் வச்சிருந்தேன். எங்க வீட்டுல எங்க அப்பா கேட்டதில்லை, அண்ணன் தம்பி கேட்டதில்லை, கேக்க வேண்டியவன் வரவேயில்லை. அடுத்தவ சாப்பாடுதான்னு தெரியும். பசிச்சா என்ன செய்ய?"

குருவம்மா மடியில இருந்த பையைக் கீழ வச்சா.

"எடுத்துட்டுப் போங்க, உங்க பொருளு"ன்னு ஜெபக்கனி கண்ணைத் துடைச்சா. "நாலு மணி மட்டும் ஆகட்டும். இன்னைக்கு ஒரு தடவை கேட்டுக்கிடுதேன்."

உக்காந்திருந்தோம். தையல் மிஷின் மேல இருந்த கடிகாரத்துல நாலு ஆச்சு. ஒரு வருஷம் பூரா காதைப் பொத்திக்கிட்டிருந்த குருவம்மா, அன்னைக்குத்தான் கையை எடுத்து மடியில வச்சிருந்தா. படம் தொண்டையைச் செருமிச்சு.

"ஏ தொத்தலு, சாப்ட்டியா?"

அதே குரல், அதே கரகரப்பு. "சாப்ட்டேங்க"ன்னு ஜெபக்கனி தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா. குருவம்மா முக்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் படத்துக்கு நேரா ஓடி நின்னா. "மாமா, நான் இங்க இருக்கேன். என்னையப் பாருங்க, மாமா!"

அந்த ஒரு கேள்வியைத் தவிர அது வேற எதுவும் பேசி நாங்க யாரும் கேட்டதில்லை. அன்னைக்குப் படத்தோட கண்ணு மெதுவா அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால இருந்த ஜெபக்கனி பக்கமாத் திரும்புச்சு.

"தொத்தலு, வந்தவங்க சாப்ட்டாங்களா?"

ஜெபக்கனி "ஏசுவே"ன்னு வாயைப் பொத்திக்கிட்டா. நான் குருவம்மாவைப் பிடிக்கப் போனேன், அவ என் கையைத் தட்டி விட்டா. முன்னப் பின்னத் தெரியாத ஆம்பளைக்கு முன்னால நிக்கிறவ மாதிரி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கிட்டா.

"இன்னும் இல்லீங்க"ன்னா.